பிணத்துக்குப் பெயர் போடுவதில்லை

நியூயார்க் நகரத்தில் எஃப்ராயின் கின்டெரோவைப் போலச் சாகத் தெரிந்த ஆள் வேறு யாரும் கிடையாது. இதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அதனால் அது பொய்யாகிவிடாது.

'முதல் சாட்சி' என்ற தொலைக்காட்சித் தொடர் இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. முன்பாதியில் போலீஸ் துப்புத் துலக்கும், பின்பாதியில் கோர்ட்டில் வாதாடுவார்கள். இரண்டு பாதிக்கும் முன்னால் ஒரு பிணம் வேண்டும். பிணம் விழாமல் அந்தத் தொடரில் யாரும் காபிகூடக் குடித்ததில்லை. அந்த இருபது வருஷத்தில் எஃப்ராயின் பதினான்கு முறை செத்திருந்தார். குப்பைத்தொட்டியில் ஒருமுறை, லிஃப்டில் ஒருமுறை, பணக்காரர் வீட்டு நீச்சல்குளத்தில் குப்புற மிதந்தபடி ஒருமுறை. மற்ற நாட்களில் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார்.

சாவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஜனவரி மாதம் நடைபாதையில் கிடந்து பார்க்க வேண்டும். மூச்சு ஆவியாக வெளியே வந்தால் பிணம் உயிரோடு இருப்பது நாடு முழுக்கத் தெரிந்துவிடும். எஃப்ராயின் கேமரா ஓடுவதற்கு முன்னால் வாயில் ஐஸ்கட்டியை அடக்கிக்கொள்வார். வாய்க்குள் இருக்கும் சூடு போய்விட்டால் ஆவி வராது. மூச்சை நெஞ்சில் இழுக்காமல் அடிவயிற்றில் விடுவார். துப்பறிவாளர்கள் இரண்டு பேர் தலைக்கு மேல் நின்று வழக்கமான நக்கலை அடித்து முடிக்கும்வரை கண் இமைக்க மாட்டார்.

அவர் சாகும் கதை ஒளிபரப்பாகும் புதன்கிழமைகளில் மூன்றாம் மாடியில் இருந்த அவருடைய வீட்டில் கட்டிடமே கூடிவிடும். அவர் மனைவி மிக்டாலியா மாவுக்குள் கறியை மடித்து வைத்துப் பொரித்துக்கொண்டே இருப்பாள். போலீஸ்காரன் துணியை விலக்கி முகத்தைக் காட்டியதும் எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்த வீட்டு அவில்டா மட்டும் ஒவ்வொரு முறையும் சிலுவை போட்டுக்கொள்வாள். "இந்தத் தடவை ரொம்ப நல்லா செத்தீங்க" என்று மறுநாள் படிக்கட்டில் சொல்வார்கள். எஃப்ராயின் தலையை லேசாகச் சாய்த்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்வார். ஒருகாலத்தில் ஸ்பானிய நாடக மேடையில் அரசனாக நடித்தவர் அல்லவா, அந்தத் தலைசாய்ப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

இன்னொன்றும் மிச்சம் இருந்தது. குரல். மைக் இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசைவரை போன குரல் அது. பஸ்ஸில் அறுபது பிள்ளைகள் கூச்சல் போடும்போது "உக்காரு" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அறுபதும் உட்காரும். ஆனால் அந்தக் குரலை ஒருமுறைகூடத் தொலைக்காட்சி கேட்டதில்லை. தொழிலில் விதி அப்படி. பேசினால் நடிகர், பேசாவிட்டால் கூட்டம். பேசினவர் பெயர்தான் கடைசியில் திரையில் ஓடும். பிணத்துக்குப் பெயர் போடுவதில்லை.

அவர் செத்ததைக் கட்டிடத்தில் பார்க்காத ஒரே ஆள் அவர் பெற்ற மகள் நோயெலியா. அவர் முதல்முறை செத்தபோது அவளுக்குப் பத்து வயது. அப்பா பக்கத்தில் சோபாவில் முழுசாக உட்கார்ந்திருக்க, திரையில் வயிற்றில் கத்தியோடு கிடந்த அப்பாவைப் பார்த்து விடாமல் அழுதாள். அவர் அவளை மடியில் போட்டுக்கொண்டு, "இங்க பாரு, இங்க பாரு, நான் இருக்கேன்" என்று தன் மூக்கைத் தொடச் சொன்னார். அன்றிலிருந்து அவர் சாகும் நேரம் வந்தால் சமையலறைக்குப் போய்விடுவாள். அங்கிருந்து கத்துவாள்: "செத்தாச்சா?" செத்தாச்சு என்று கூடமே பதில் சொன்னபிறகு வருவாள். இப்போது முப்பது வயது. காசில்லாதவர்களுக்காக வாதாடும் வக்கீல். பிராங்க்ஸ் கோர்ட்டில் அவள் எழுந்து நின்றால் அரசு வக்கீல்கள் காகிதத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்கள் என்று பேச்சு. ஆனாலும் அப்பா சாகும்போது சமையலறைதான்.

அந்த வருஷம் தொடரின் தயாரிப்பாளர்கள் ஒரு குட்டி போட்டார்கள். தாய்த் தொடர் இத்தனை நாள் போலீஸ் பக்கமும் அரசு வக்கீல் பக்கமும் நின்று கதை சொன்னது. புதுத் தொடர் கூண்டில் நிற்கிறவன் பக்கம் நிற்கும். பெயர் 'முதல் சாட்சி: எதிர்த்தரப்பு'. முதல் கதையில் எஃப்ராயினுக்கு ஒரு வேஷம் வந்தது. உயிரோடு.

"உங்க மூஞ்சி செத்த மூஞ்சின்னு சனங்களுக்குப் பதிஞ்சு போச்சே, எஃப்ராயின்" என்று தொடருக்கு ஆள் எடுக்கிற கிளென் போனில் இழுத்தான். "தாடி விடுவீங்களா?"

"கொம்பு வேணும்னாலும் வளர்த்துக்கிறேன்" என்றார் இவர்.

சுரங்க ரயிலில் டிக்கெட் இல்லாமல் கம்பியைத் தாண்டிக் குதித்துப் பிடிபட்ட கிழவர். நீதிபதி முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நீதிபதி கேட்கிறார். கிழவர் சொல்கிறார்: "நான் குற்றவாளி இல்லை." அவ்வளவுதான். ஆனால் அந்த வரிக்குப் பெயர் ஓடும்.

கட்டிடம் ரெண்டுபட்டது. அவில்டா, "கொஞ்சம் குரல் உடைஞ்சு சொல்லுங்க, அப்பதான் மனசைப் பிசையும்" என்றாள். கீழே முடிவெட்டுகிறவர், மிரட்டலாகச் சொன்னால்தான் எடுபடும் என்று சவரத்துக்கு உட்கார்ந்தவர் தொண்டையருகே கத்தியை வைத்துக்கொண்டே வாதாடினார். எஃப்ராயின் குளிக்கும்போது சொன்னார், பஸ் கழுவும்போது சொன்னார், சமையலறையில் சொன்னார்.

"நீ குற்றவாளி இல்லைன்னா இந்தச் சட்டியைத் தீய விட்டது யாரு?" என்றாள் மிக்டாலியா.

இதற்கு நடுவில் இன்னொரு செய்தி வந்தது. புதுத் தொடரின் இயக்குநர் ஷெரில் கோப்லன் என்ற அம்மாள், நிஜக் கோர்ட்டைப் பார்ப்பதற்காகப் பிராங்க்ஸில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நோயெலியா வாதாடுவதைப் பார்த்துவிட்டு, கதையில் சட்டத் தப்பு வராமல் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறாள். நோயெலியா சிரித்துவிட்டாள். "இருபது வருஷமா உங்க தொடர்ல என்னை மாதிரி வக்கீலுங்க எல்லாம் கொலைகாரனைத் தப்பவிடற ஆளுங்க. நான் தப்புன்னு சொன்னா மாத்துவீங்களா? மாத்துவேன்னா வர்றேன்" என்றாள். மாத்துவேன் என்று ஷெரில் கைகொடுத்தாள்.

எஃப்ராயினுக்குத் தரையில் கால் பாவவில்லை. தனக்கு வரி கிடைத்ததைவிட இதைத்தான் அதிகம் பேருக்குச் சொன்னார். பஸ்ஸில் ஏறுகிற ஏழு வயசுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்தது, இவர் மகள் தலையசைத்தால்தான் அங்கே கேமரா ஓடும் என்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நோயெலியா வந்தாள். வாசலிலேயே, "பாப்பி, ஆசீர்வாதம்" என்றாள்.

"ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மிஹா."

பாப்பி என்றால் அப்பா, மிஹா என்றால் மகளே. புவெர்த்தோ ரிக்கோக்காரர்கள் வீட்டில் பிள்ளைகள் தங்களைப் பெற்றவரைக் கண்டால் முதல் பேச்சு இதுதான். போனிலும் இதுதான். சண்டை போட வந்தாலும் முதலில் ஆசி கேட்டுவிட்டுத்தான் சண்டை. பிள்ளை கேட்டு, பெரியவர் பதில் சொல்லாமல் இருந்தால் அது சாபத்துக்குச் சமம். நோயெலியா ஒருமுறை ஒரு பையனோடு தனிவீடு போனபோது எஃப்ராயின் ஒரு மாசம் அவள் முகத்தில் விழிக்கவில்லை. ஆனால் அவள் வந்து கதவுக்கு வெளியே நின்று கேட்டபோதெல்லாம், பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து ஆசி வந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். துவரை போட்ட சோறு, பன்றிக் கறி. நோயெலியா கதைக் காகிதங்களை மேஜையில் வைத்திருந்தாள், பக்கத்தில் சிவப்புப் பேனா. வழக்கமாக ரெண்டு தட்டுச் சாப்பிடுகிறவள் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

"என்னென்ன திருத்தினே? சொல்லு, கேப்போம்" என்றார் எஃப்ராயின், ராஜா கப்பம் கேட்கிற தோரணையில்.

"நிறைய இருக்கு பாப்பி. வராண்டாவுல வச்சு குற்றவாளி எல்லாத்தையும் ஒத்துக்கறான். அப்படி யாரும் ஒத்துக்க மாட்டான். நீதிபதி சுத்தியலால அடிச்சுக்கிட்டே இருக்காரு. எங்க நீதிபதிகிட்ட சுத்தியலே கிடையாது. நிறுத்தி வச்ச ஆளு நீதிபதியைப் பாத்துத்தான் நிக்கணும். பின்னாடி பெஞ்சுல வீட்டு ஆளுங்க இருப்பாங்க, ஆனா திரும்பக் கூடாது. திரும்பினா காவலர் 'முன்னாடி பாரு'ன்னு அதட்டுவாரு. ஆனாலும் எல்லாரும் ஒரு தடவை திரும்பிருவாங்க. யாராவது வந்திருக்காங்களான்னு பாக்க. யாராலயும் திரும்பாம இருக்க முடியாது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"என் வரி வர்ற பக்கத்துல?"

பொய்சாட்சியை நாலு கேள்வியில் மடக்குகிற பெண்ணுக்கு அப்பாவிடம் முகத்தை மறைக்கத் தெரியவில்லை.

"சொல்லு, நோயெலியா."

"சின்ன விஷயம் பாப்பி. விட்டுட்டேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியணும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த இடத்துல நிறுத்தி வச்ச ஆளு பேச மாட்டான். வக்கீல்தான் பேசுவாங்க. நான் ஒவ்வொருத்தன்கிட்டயும் முதல்ல சொல்றதே அதான், வாயைத் திறக்காதேன்னு. இவனுங்க டிவியில பாத்துட்டு, எழுந்து நின்னு குற்றவாளி இல்லைன்னு வீரமாச் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டு வர்றாங்க. சொல்ல ஆரம்பிச்சா அதோட நிக்காது. பேசற ஒவ்வொரு சொல்லையும் அவங்களுக்கு எதிரா எழுதி வச்சுக்குவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "அவில்டா மகன் அப்படித்தான் மாட்டினான். நான் குற்றவாளி இல்லை, பையி சீட்டுல சும்மா கிடந்துச்சு, அதான் எடுத்தேன்னான். எடுத்தேன்னு அவன் வாயாலயே சொன்னப்புறம் நான் என்ன பண்ண?"

சுவருக்கு அந்தப் பக்கம் அவில்டா வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் மகன் இன்னும் ஜெயிலில்தான் இருந்தான்.

"பேனாவைக் குடு" என்றார் எஃப்ராயின்.

"பாப்பி, வேண்டாம். இந்த வரி போச்சுன்னா நீங்க மறுபடி கூட்டம். பேரு வராது. தெரியுமில்ல?"

"இருபது வருஷமா கூட்டம். எனக்கே பாடம் எடுக்கறியா? குடு."

காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, தன் வரியைத் தானே அடித்தார். ஒரே கோடு. கோடு கொஞ்சம் அழுத்தமாக விழுந்து அடுத்த பக்கத்திலும் தடம் பதிந்தது. மிக்டாலியா கையிலிருந்த தட்டை ஓங்கி வைத்தாள்.

"பதினாலு தடவை அவனுங்க உன்னைக் கொன்னானுங்க. பதினஞ்சாவது தடவை நீயே கொன்னுக்கிட்டே. நல்லா இரு."

"கடைசியில நீதிபதி, இன்ன தேதிக்கு வரணும், புரிஞ்சுதான்னு கேப்பாரு" என்றாள் நோயெலியா அவசரமாக. "அதுக்கு ஆளு 'சரிங்க'ன்னு சொல்றது உண்டு. அது நிஜம். நான் ஷெரில்கிட்ட..."

"கேக்காதே." பஸ்ஸில் அறுபது பிள்ளைகளை உட்காரவைக்கிற குரல். "எம் மக பிச்சை கேட்டு வாங்கின சொல்லு எனக்கு வேண்டாம். நீ அங்க போயி சட்டம் சொல்ற வக்கீல். எனக்கு வரி வாங்கித் தர்ற தரகர் இல்லை. சாப்பிடு."

அவர் முழுத் தட்டும் சாப்பிட்டார். பிறகு கழிவறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தார். வலிக்கத்தான் செய்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது அவருடைய நடிப்பு.

படப்பிடிப்பு ஆற்றோரத்துப் பழைய கப்பல்துறைக் கொட்டகையில் நடந்தது. உள்ளே நிஜம்போல ஒரு கோர்ட். நீதிபதி மேஜைக்கு மேல் சுத்தியல் இல்லை. அதைக் கவனித்ததும் எஃப்ராயினுக்குத் தாடிக்குள் சிரிப்பு வந்தது. அவருக்குக் காவலாக நின்ற ஹென்னசி, நிஜக் கோர்ட்டில் முப்பது வருஷம் காவலராக இருந்து ஓய்வு பெற்றபின் நடிக்க வந்த ஆள்.

வக்கீலாக நடித்த நடிகை பேசினாள். எஃப்ராயின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒருமுறை எடுத்தார்கள். மறுபடி எடுத்தார்கள். ஷெரில் எழுந்து வந்து அவரைச் சுற்றி நடந்தாள்.

"நீங்க அசையாம நிக்கறீங்க, அதுல குறையே இல்லை. ஆனா..." சொல்லலாமா என்று யோசித்தாள். "பொணம் மாதிரி நிக்கறீங்க."

நடிகை உதட்டைக் கடித்துக்கொண்டாள். எஃப்ராயினுக்குக் காதுமடல் சூடானது. உயிரோடு நிற்பதற்கு வரம் கேட்டு வாங்கி வந்து, பழக்கதோஷத்தில் மூச்சை அடிவயிற்றில் விட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். இதற்குத்தானா தாடி?

அந்த இடைவெளியில்தான் நோயெலியா காலை வழக்குகளை முடித்துவிட்டு ஓடிவந்தாள். தப்பு ஏதும் வருகிறதா பார் என்று அவளைக் கடைசி பெஞ்சில், கேமராவுக்குத் தெரியாத ஓரத்தில் உட்காரவைத்தார்கள். எஃப்ராயினுக்கு அது தெரியாது. அவர் நீதிபதியைப் பார்த்து நின்றிருந்தார்.

கேமரா ஓடியது. நடிகை வரியைச் சொன்னாள். எஃப்ராயின் மூச்சை நெஞ்சுக்கு இழுத்தார். பிடிபட்ட கிழவனுக்கு இந்த நேரம் என்ன தோன்றும்? யாராவது வந்திருக்கிறார்களா?

திரும்பினார்.

கடைசி பெஞ்சில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷத்தில் முதல்முறையாக, அவர் வேலை செய்யும்போது சமையலறைக்கு ஓடாமல், நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா முகத்தைக் கண்டதும், பத்து வயதிலும் இருபது வயதிலும் செய்ததுபோல, அவள் உதடுகள் தாமாக அசைந்தன. சத்தம் வரவில்லை. ஆசீர்வாதம், பாப்பி.

பிள்ளை கேட்டுவிட்டது. கேமரா, நீதிபதி, விதி எதுவும் எஃப்ராயினுக்கு நினைவில் இல்லை.

"ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மிஹா."

அவர்கள் ஸ்பானிய பாஷையில், அந்தக் குரலில், கொட்டகையின் கடைசி மூலைவரை அது போனது.

"முன்னாடி பாரு" என்றார் ஹென்னசி. கதையில் அப்படி ஒரு வரி இல்லை. முப்பது வருஷப் பழக்கம். எஃப்ராயின் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார்.

ஷெரில் நிறுத்தச் சொன்னாள். அதன்பிறகுதான் எஃப்ராயினுக்கு விதி நினைவுக்கு வந்தது. பேசாத ஆள் கேமரா ஓடும்போது வாயைத் திறந்தால் அன்றோடு அவன் கதை முடிந்தது. அதோடு போகாது, மகள் பேரும் கெடும்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் ஷெரில்.

அர்த்தம் சொன்னார்.

"யாரைப் பாத்துச் சொன்னீங்க?"

அவர் நீதிபதி மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினான்கு கொலையிலும் கொன்றவனைக் காட்டிக்கொடுக்காத மனுஷன், மகளையா காட்டிக்கொடுப்பார்?

ஷெரில் அவர் தலைக்குமேல் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "நோயெலியா, நீங்க தப்புன்னா இதை வெட்டிடறேன். நிஜக் கோர்ட்ல இப்படி நடக்குமா? வாயைத் திறக்கக் கூடாதுன்னு அந்த வரியை நீங்கதானே அடிச்சு அனுப்பினீங்க?"

நோயெலியா எழுந்து நின்றாள். கண் முழுக்கத் தண்ணீர். ஆனால் குரல் கோர்ட்டில் பேசுகிற குரல்.

"வழக்கைப் பத்தி யாரும் பேசக் கூடாது. அதான் நான் சொல்லிக் குடுக்கறது. ஆனா பெஞ்சுல பிள்ளை வந்து உக்காந்து ஆசி கேட்டா, எங்க ஆளுங்க யாராயிருந்தாலும் விலங்கோட நின்னாலும் பதில் சொல்லிருவாங்க. நான் எத்தனை தடவை சொன்னாலும் நிக்காது. நான் நிறுத்தறதும் இல்லை." கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "தினமும் நடக்கும்."

"தினமும் நடக்கும்" என்றார் ஹென்னசியும், யாரும் கேட்காமலே.

ஷெரில் உதவியாளனைக் கூப்பிட்டாள். "இவரு பேரை எழுத்து எழுத்தாக் கேட்டு எழுதிக்கோ. தப்பு இருக்கக் கூடாது. பேசின ஆளுக்குப் பேர் போடணும்."

எஃப்ராயின் அப்போதும் திரும்பவில்லை. முன்னால் பார் என்று சொல்லியிருக்கிறார்களே. முன்னால் பார்த்தபடியே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி.

ஒளிபரப்பான புதன்கிழமை மூன்றாம் மாடியில் நிற்க இடமில்லை. அவில்டா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தாள். நோயெலியா கூடத்தின் நடுவில், திரைக்கு நேர் எதிரே. கிழவர் திரும்பினார், பேசினார். யாரும் கைதட்டவில்லை. அவில்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமையலறையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டு, பார்க்கத் தைரியமில்லாமல் மிக்டாலியா கத்தினாள்: "பேசியாச்சா?"

"பேசியாச்சு, மாமி" என்றாள் நோயெலியா அம்மாவிடம். "வா, பேர் வரப்போகுது."